கோயில் வாசலில் ஒரு நகைக்கடை

காஞ்சீபுரம் போகிறவர்கள் இரண்டு காரியங்களைச் செய்யாமல் திரும்புவதில்லை. ஒன்று, சாமி கும்பிடுவது. மற்றொன்று, பட்டுப் புடவைக் கடைக்குள் நுழைவது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்தோ, காமாட்சி அம்மன் கோயிலிலிருந்தோ வெளியே வருகிறோம். மதில் ஓரத்தில் ஒரு துணி விரித்திருக்கிறது. அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று விதவிதமான மணி மாலைகள். பக்கத்தில் ஒரு நரிக்குறவப் பெண் உட்கார்ந்திருக்கிறார். மடியில் குழந்தை. கையில் குறடு. "வாங்கு சாமி" என்கிறார். வீட்டில் இருக்கும் பெண் குழந்தையின் நினைவு வருகிறது. ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

பட்டுக் கடையில் சீட்டில் எழுதியிருக்கும் விலையை மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறோம். இந்த மாலைக்கு மட்டும் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுகிறோம். இது ஏனோ தெரியவில்லை!

இதே மாதிரி மாலைகளுக்கு மேல்நாட்டில் நல்ல கிராக்கி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். அங்கே அவற்றுக்குப் பெயர் "போஹீமியன் நகை".

அது என்ன போஹீமியா?

போஹீமியா என்பது ஐரோப்பாவில் உள்ள ஒரு பிரதேசம். இன்றைய செக் நாட்டின் பெரும் பகுதி அதுதான்.

சுமார் 600 வருஷங்களுக்கு முன்பு, ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாடோடிக் கூட்டம் பிரான்சு தேசத்துக்குள் வந்தது. கூடாரம் போட்டுத் தங்குவார்கள். பெண்கள் கழுத்து நிறைய மணியும் காசுமாலையும் போட்டுக்கொண்டு, குறி சொல்லிப் பிழைப்பார்கள். இவர்கள் போஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். "போஹீமியர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அவர்கள் எங்கிருந்து போனவர்கள் தெரியுமா? இந்தியாவிலிருந்து!

ஆம். ரோமா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த ஜனங்கள், ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு வட இந்தியாவை விட்டுப் புறப்பட்டவர்கள். அவர்கள் பாஷையை ஆராய்ந்தபோது இது தெரிய வந்தது. தண்ணீருக்கு "பானி" என்கிறார்கள். மூக்குக்கு "நாக்" என்கிறார்கள். இந்தி தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

பிறகு, ஒரு வேலையில் நிலைக்காமல் பாரிஸ் நகரத்தில் திரிந்த ஓவியர்களையும் கவிஞர்களையும் "போஹீமியர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் உடுத்திய தினுசு உடைக்கும் அந்தப் பெயரே வந்தது. 1960-களில் ஹிப்பிகள் வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் கடந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் பலர். ஆப்கானிஸ்தானத்தின் கூச்சி நாடோடிகள், நம் நாட்டு லம்பாடிகள் ஆகியோரின் வெள்ளி நகைகளை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். பழைய பதக்கம் ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சூதுபவளம், நீலக்கல், பவளம் என்று கோத்துப் புது மாலை ஆக்குவது அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அசல் போஹீமியாவிலும் மணிகள் செய்தார்கள். யாப்லோனெட்ஸ் என்ற ஊர் கண்ணாடி மணிகளுக்குப் பேர் போனது. அந்த ஊர்க் கண்ணாடி வளையலும் மணியும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. நம் கொள்ளுப்பாட்டிகள் போட்ட "சீமை வளையல்" சில அங்கே செய்ததாக இருக்கலாம்.

துப்பாக்கி போய் குறடு வந்தது

நம் ஊர் நரிக்குறவர்களின் வீட்டுப் பாஷையும் தமிழ் அல்ல. "வாக்ரிபோலி" என்று அதற்குப் பெயர். குஜராத்தி மொழிக்கு உறவு உள்ளது. எழுத்து கிடையாது. ரோமா ஜனங்களும் இவர்களும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு கூட்டம். ஆனாலும், வடக்கிலிருந்து புறப்பட்டு, கழுத்தில் மணியோடு ஊர் சுற்றிய இரண்டு கூட்டத்தில் ஒன்று பாரிசுக்குப் போயிற்று, மற்றொன்று காஞ்சிக்கு வந்தது என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இவர்களுடைய தொழில் வேட்டை. நாட்டுத் துப்பாக்கி, வலை, கண்ணி இவைதான் சொத்து. காடை, கவுதாரி பிடிப்பார்கள். நரி பிடிப்பார்கள். வயல்களில் குருவிகளைப் பிடித்ததால் "குருவிக்காரர்" என்ற பெயரும் உண்டு. வீட்டுக்கு நல்லது என்று சொல்லி "நரிக்கொம்பு" விற்பார்கள். நரிக்கு ஏது கொம்பு? வாங்கியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்!

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. காட்டு மிருகங்களுக்கு அது நல்ல சட்டம். ஆனால் ஒரு ஜனக் கூட்டத்தின் பிழைப்பு ஒரே சட்டத்தில் போயிற்று. நிலம் இல்லை. படிப்பு இல்லை. கையில் மிச்சம் இருந்தது பாசிமணியும் ஊசியும்தான். அதுவரை பெண்கள் பகுதி நேரமாகச் செய்த வியாபாரம், அதன் பிறகு குடும்பத்தையே தாங்க வேண்டியதாயிற்று.

மாலை கட்டுவது எப்படி?

பார்ப்பதற்குச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் மணி வாங்க வேண்டும். கண்ணாடி மணி, பளிங்கு மணி, கல் மணி எல்லாம் பெரும்பாலும் வடநாட்டுச் சந்தைகளிலிருந்து வருகின்றன. உத்தரப்பிரதேசத்தில் காசியும் புர்தில்நகரும் கண்ணாடி மணிக்கு முக்கியமான ஊர்கள். அகேட், சூதுபவளம் போன்ற கல் மணிகளுக்குக் குஜராத்தில் உள்ள காம்பே. ரெயிலில் போய் மூட்டையாக வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாலை கட்ட மேஜை நாற்காலி வேண்டாம். தரையும் விரிப்பும் போதும். மெல்லிய கம்பியில் ஒரு மணியைக் கோக்கிறார்கள். குறட்டின் கூர்மூக்கால் கம்பியின் நுனியை ஒரு சுற்றுச் சுற்றி வளையம் ஆக்குகிறார்கள். மிச்சக் கம்பியை நறுக்குகிறார்கள். அடுத்த மணியின் கம்பியை அந்த வளையத்துக்குள் விட்டு மறுபடி ஒரு சுற்று. இப்படி மணிக்கு மணி சங்கிலி போல ஓடுகிறது. ஜப மாலை என்றால் 108 மணி. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு வளையம் என்றால் 216 தடவை குறடு திரும்ப வேண்டும். இடையில் குழந்தையையும் பார்க்க வேண்டும், வருகிறவரிடம் விலையும் பேச வேண்டும்.

கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழுத்தில் குத்தும், புடவையில் மாட்டும். பட்டு கட்டும் ஊரில் அது பெரிய குற்றம். நன்றாகக் கட்டிய மாலையை விரலால் உருவிப் பார்த்தால் எங்கும் உறுத்தாது. வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மணி எது என்று தெரிந்துகொள்ளவும் சில வழிகள் உண்டு. பிளாஸ்டிக் மணி எடை இல்லாமல் இருக்கும். பல்லில் மெதுவாகத் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும். கண்ணாடியும் கல்லும் "ணங்" என்னும். பளிங்கைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். கையில் பிடித்தாலும் சட்டென்று சூடாகாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே உருண்டையாகச் சின்னக் காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. கல்லில் அப்படி இராது. ரத்தினப் பரீட்சை இதோடு முடிந்துவிடாது. ஆனால் கோயில் வாசலில் ஏமாறாமல் இருக்க இது போதும். கண்ணாடி மணி என்று சொல்லிக் கண்ணாடி மணி விற்றால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல கண்ணாடி மணி லேசில் நிறம் போகாது. இதற்குச் சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது.

மண்ணுக்குள் கிடைத்த மாலை

புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேடு என்ற இடம் இருக்கிறது. 1945-ல் மார்டிமர் வீலர் என்ற ஆங்கில நிபுணர் அங்கே தோண்டிப் பார்த்தார். ரோமாபுரி ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறைமுகம் அது என்று தெரிந்தது. அரிக்கமேட்டின் இன்னொரு செல்வம் மணி. கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு போட்ட சின்னச் சின்ன மணிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். இன்றும் நிறம் மாறவில்லை!

பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர் தம் வாழ்நாளை மணி ஆராய்ச்சிக்கே கொடுத்தவர். இந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை கிடைப்பதை எடுத்துக் காட்டினார். "இந்தோ-பசிபிக் மணி" என்று பெயரும் வைத்தார். இந்தோனேசியாவின் சில தீவுகளில், செங்கல் நிறத்தில் உள்ள இந்த மணிகளுக்கு "முத்திசாலா" என்று பெயர். அங்கே அது குடும்பச் சொத்து. தாய் மகளுக்குக் கொடுக்கும் சீதனம்.

இப்படிக் குழல் இழுக்கும் வித்தை முற்றிலும் அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அழியவில்லை! திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே பாப்பாநாயுடுபேட்டை என்ற கிராமத்தில் அதே முறையில் மணி செய்வதைப் பிரான்சிஸ் நேரில் கண்டு விரிவாக எழுதினார். உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருட்டிச் சேர்க்கிறார்கள். இந்தக் குழாய்க்கு "லாடா" என்று பெயர். குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு அந்தக் கண்ணாடி உருண்டையை ஊடுருவத் துளைக்கிறார்கள். உலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் தொழிலாளி, உருகிய கண்ணாடியைக் கொக்கியால் பிடித்து இழுக்கிறார். பிறகு கை மாற்றி, கை மாற்றி, நூல் இழுப்பது போல மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே துளையோடு நீளமான கண்ணாடிக் குழல் வருகிறது. அதைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கி மணி ஆகிவிடுகிறது. இந்த ஊர் காஞ்சீபுரத்திலிருந்து அதிக தூரம் இல்லை.

இவை கண்ணாடி மணிகள். கல் மணிக்குக் கொங்கு நாட்டுக்குப் போக வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் "கொடுமணம்" என்று வரும் ஊர் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் அங்கே பல தடவை அகழ்வாய்வு நடந்திருக்கிறது. பேராசிரியர் கா.ராஜன் அதில் முக்கியமானவர். நீலக்கல், பெரில், பளிங்கு, செவ்வந்திக்கல், அகேட் என்று பல கற்கள் கிடைத்தன. முடிந்த மணி, பாதி அறுத்த மணி, துளை போடும்போது உடைந்த மணி எல்லாம் கலந்து கிடந்தன. ஆகவே மணி அங்கேயே செய்யப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு புதைகுழியில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன! கொங்கு நாட்டில் சூதுபவளம் விளைவதில்லை. அந்தக் கல் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அந்தக் கல் மணி அங்கிருந்துதான் வருகிறது.

கொங்கு நாட்டுப் பெரில் கல் ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்து வரை போயிற்று. பெரில் இந்தியாவைத் தவிர வேறு இடங்களில் கிடைப்பது அபூர்வம் என்று பிளினி என்ற ரோமாபுரி ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

காஞ்சீபுரம் மாவட்டமும் சும்மா இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்ற கிராமத்தில் 2022-ல் மத்திய தொல்லியல் துறை தோண்டியது. கண்ணாடி மணி, வளையல் துண்டு, சிறு தங்க அணிகள், ரோமாபுரி ஜாடித் துண்டு எல்லாம் கிடைத்தன. கோயில் வாசலில் இன்று மாலை விற்கிறார்களே, இந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே மணி வாங்கி அணிந்திருக்கிறார்கள்.

பாட்டியின் பாம்படம் எங்கே?

மணி மண்ணில் கிடந்தும் பிழைத்துக்கொண்டது. தங்கத்துக்கு அந்த யோகம் இல்லை. தங்கத்தை உருக்கிவிடலாம் அல்லவா?

பாம்படம், தண்டட்டி என்றால் இன்றைய குழந்தைகளுக்குப் புரியாது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிமார்கள் காதில் போட்ட நகை. பெண் குழந்தை பிறந்ததும் காது குத்துவார்கள். துளைக்குள் பஞ்சு வைத்து, பிறகு ஓலைச் சுருள் வைத்து, ஈய வளையம் மாட்டிப் பெரிதாக்குவார்கள். காது தோள் வரை தொங்கும். அதில்தான் பாம்படம் ஆடும். அதன் வடிவமே தனி. பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. உருண்டை, சதுரம், முக்கோணம் இவற்றைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. தூக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த அளவு கனம் இருக்காது.

காலம் மாறிற்று. தொங்கும் காதைக் கண்டு பேரப் பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். பல பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். பாம்படம் கடைக்குப் போயிற்று. அரக்கு போகத் தங்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். உருக்கினார்கள். மகளுக்கு வளையல் ஆயிற்று. பேத்திக்குச் சங்கிலி ஆயிற்று.

லண்டன் மியூசியங்களில் இன்று பாம்படத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். மேல்நாட்டில் பழைய நகை சேர்ப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். செய்த கைக்கும் வடிவத்துக்கும் அங்கே விலை. இங்கே கிராமுக்கு விலை!

காஞ்சீபுரத்துப் பட்டுக்கும் இதே கதிதான். பழைய பட்டுப் புடவையை வாங்குகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் தெரியுமா? எரிக்கிறார்கள். சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. புடவையை எரித்து, மிஞ்சிய வெள்ளியையும் தங்கத்தையும் உருக்கி எடுக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறியில் நாள் கணக்காக உட்கார்ந்து ஒருவர் போட்ட யாளியும் அன்னமும் ஒரு நொடியில் சாம்பல்.

கஷ்டத்துக்கு நகையை விற்காதே என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. கஷ்டத்துக்கு உதவத்தானே நகை? ஆனால் விற்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். பாட்டி உயிரோடு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு போட்டோ எடுக்கலாம். நகையின் பெயர் என்ன, எந்த ஊரில் செய்தது, யார் சீதனமாகக் கொடுத்தது என்று கேட்டு நோட்டில் எழுதி வைக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளைத் தனி நபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. நிலத்தை உழும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் வருஷத்துச் சட்டம். "பழைய சாமான் வாங்குகிறோம்" என்று வீடு தேடி வருகிறவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே மகரகண்டி, வெளியே பாசிமணி

வரதராஜப் பெருமாளின் நகைகளில் "கிளைவ் மகரகண்டி" என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் தளபதி ராபர்ட் கிளைவ் காணிக்கையாகக் கொடுத்தது என்று வழி வழியாகச் சொல்லி வருகிறார்கள். அன்னிய தேசத்து மனிதர் கொடுத்த நகைக்கும் பெருமாள் கழுத்தில் இடம் கிடைத்தது.

மணி கோக்கும் ஜனங்களுக்குக் கோயிலில் இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. 2021-ல் மாமல்லபுரத்துக் கோயிலில் அன்னதானம் சாப்பிடப் போன ஒரு நரிக்குறவப் பெண், பந்தியில் உட்கார விடாமல் அனுப்பப்பட்டார். அவர் அழுது புலம்பவில்லை. நடந்ததை நேருக்கு நேராகக் கேட்டார். அந்தப் பேச்சு செல்போன் வழியே நாடு முழுவதும் பரவியது. சில நாட்களில் அறநிலையத் துறை மந்திரி சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து, அவருடன் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். 2021 நவம்பர் 4-ந்தேதி, தீபாவளி அன்று, முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் பக்கத்தில் உள்ள பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார்.

சாதிச் சான்றிதழ் என்றால் ஏதோ ஒரு காகிதம் என்று நினைக்க வேண்டாம். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-லேயே லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது. அது நிறைவேற 57 வருஷம் ஆயிற்று. 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2023 ஜனவரியில் சட்டமாயிற்று. இனி நரிக்குறவர், குருவிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பழங்குடியினர் என்ற முறையில் படிப்புக்கும் வேலைக்கும் மனுப்போடலாம். படித்துவிட்டால் மணி கோக்க வருவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் காஞ்சீபுரத்தில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கூலி கட்டினால் வருவார்கள். கட்டாவிட்டால் வேறு வேலைக்குப் போவார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

இப்போதைக்கு வியாபாரம் திருவிழாக் கூட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. 2019-ல் அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் காஞ்சீபுரம் வந்தார்கள். அது 40 வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்தது 2059-ல்தான். அதுவரை காத்திருக்க முடியுமா? வைகாசியில் கருடசேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் திருக்கலியாணம் என்று வருஷத்துக்கு வருஷம் வரும் திருவிழாக்கள் இருக்கின்றன.

கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் சீசன். அப்போது விரிப்பில் முன் வரிசையில் துளசி மாலையும் ருத்திராட்ச மாலையும் வந்துவிடும். வண்ண மணிகள் மூட்டைக்குள் போய்விடும். தை மாதம் மகரஜோதி முடிந்த பிறகு, கல்யாண முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி, சிவப்பும் பச்சையும் நீலமும் மறுபடி முன் வரிசைக்கு வரும்.